முப்பத்திரண்டு நானோமோல்

குருதித் துளியில் குறையறியும் கூர்விழியே! குழல்விளக்கின் கீழே முப்பத்துநான்கு ஆண்டுகள் குனிந்த தலை நிமிராது கடமையாற்றிய காவலே! சிட்டையும் சீசாவும் சிவப்புப் பேனாவுமாகச் சிறுகச் சிறுக எங்களைச் செதுக்கிய செம்மையே! ஒருமுறை பார்த்தது பார்த்ததாகாது என்று ஓயாமல் ஓதி, எங்கள் உள்ளத்தில் அதை ஒட்ட வைத்த உண்மையின் உறைவிடமே! இன்று பணிநிறைவு பெறும் எங்கள் முதுநிலை ஆய்வக நுட்பநர் அம்மையாரே! உடன் உழைத்தோர் ஒன்றுகூடி, உவகை பாதியும் உள்ளக் கனம் பாதியுமாக தங்கள் முன் படிக்கும் மடல் இது.

முறைப்படி இம்மடல் முழுவதும் ‘தாங்கள்’, ‘தங்கள்’ என்றே ஓட வேண்டும். அப்படித்தான் எழுதத் தொடங்கினோம். இரண்டாம் பத்தியிலேயே மாட்டிக்கொண்டோம். ‘தாங்கள் இன்னது செய்தீர்கள்’ என்று படித்தால், அம்மையார் மேடையிலேயே கையைத் தூக்கி, தேதி தப்பு, நேரம் தப்பு, அன்றைக்கு நான் விடுப்பு என்று திருத்த ஆரம்பித்துவிடுவார். இத்தனை வருடப் பழக்கம் ஒரு சால்வையால் போகுமா? ஆகவே, அவையோரே, இனி நாங்கள் உங்களைப் பார்த்துப் பேசுகிறோம். அம்மையார் அந்த நாற்காலியில் அமர்ந்து, யாரோ ஒரு பெண்மணியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கட்டும். முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விழா என்று நாங்கள் போய் நின்றபோது அவர் வேண்டவே வேண்டாம் என்றார். கெஞ்சினோம், கோபித்துக்கொண்டோம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கமாட்டோம் என்று மிரட்டியும் பார்த்தோம். மூன்றாம் நாள் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு.

“சரி, வர்றேன். ஆனா அந்த மூணு பேரும் மடல்ல இருக்கணும். அவங்க இல்லாம கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தா நான் கையால தொடமாட்டேன்.”

அதனால்தான் இந்தப் பாராட்டு மடலில் மூன்று சாவுகள் வருகின்றன. மங்கல விழாவில் இதென்ன பேச்சு என்று முகம் சுளிப்பவர்கள் அம்மையாரிடம் முறையிடலாம், எங்களிடம் வேண்டாம்.

எங்கள் ஆய்வகம் இருப்பது மருத்துவமனையின் கீழ்த்தளத்தில். அங்கே சன்னல் கிடையாது. சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கடல் படம் போட்ட காலண்டரை மாட்டிவிட்டுப் போனார். அதுதான் எங்கள் காற்றோட்டம். பக்கத்தில் சலவைக்கூடம், எதிரே பழைய நோயாளிகளின் பதிவேட்டு அறை, கோடியில் கொதிகலன். வெளிச்சம் வருமுன் படியிறங்கினால், தெருவிளக்குப் போட்ட பிறகுதான் படியேறுவோம். வெளியே மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமானால், மேலிருந்து வருகிறவரின் செருப்பைப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து வயதைத் தாண்டிச் சில மாதங்களில் இந்தப் படியில் இறங்கியவர்தான் நம் அம்மையார்.

அவருக்கு ‘இன்னொரு தடவை’ என்று பட்டப்பெயர். ‘இன்னொரு தடவை வந்தாச்சா?’ என்றால் அம்மையார் வந்தாரா என்று பொருள். எந்த முடிவைக் கொண்டுபோய் நீட்டினாலும், “இன்னொரு தடவை பாருங்க” என்பார். புதிதாக வந்தவர்கள் இதை வைத்துச் செய்யாத கேலி இல்லை. ஒருவர் தன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கப் போனபோதுகூட, தேதியையும் கிழமையையும் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். கிழமை தப்பாகத்தான் இருந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் இந்தப் பட்டப்பெயருக்கு வயது முப்பத்துநான்கு அல்ல, ஒன்பதுதான். அதற்கு முன்னால் இருபத்தைந்து வருடம் அவர் அப்படிச் சொன்னதில்லை. ஏன் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், குளிர் மாதங்கள் தொடங்குமுன், எங்கள் நெஞ்சக மருத்துவர் படியிறங்கி வந்தார். எல்லாரையும் மூச்சை இழுத்து விடச் சொல்லிச் சொல்லி ‘இழுத்துவிடு டாக்டர்’ ஆகிப்போனவர். கீழ்த்தளத்துக்காரர்கள் முகத்தில் வெயிலே படுவதில்லை, காய்ச்சல் காலம் வருகிறது, எல்லாருக்கும் வைட்டமின் டி பார்த்துவிடலாம் என்றார். அது எலும்புக்குத்தானே சார் என்று யாரோ கேட்டார். அந்த மனிதருக்கு ஒரு கேள்வி போதும். நின்றபடியே பாடம் எடுத்துவிட்டார். வெயில் பட்டால் தோல் தானாகத் தயாரிக்கும் பொருள் அது. எலும்புக்கு மட்டும் அல்ல. மூச்சுக்குழாயின் உள்பூச்சிலும், கிருமியோடு மல்லுக்கு நிற்கும் வெள்ளணுக்களிலும் அதை வாங்கிக்கொள்ளத் தனி இடம் இருக்கிறது. அது போய்ச் சேர்ந்தால், வைரசின் மேலுறையைக் குலைக்கும் ஒரு சின்னப் புரதத்தை அந்தச் செல்கள் சுரக்கும். அதைவிட முக்கியம், எதிர்ப்புச் சக்தி அளவுமீறிக் கொந்தளித்து நுரையீரலையே சேதமாக்கிவிடாமல் பிடித்து நிறுத்தவும் அது உதவும். திருடனைப் பிடிக்கிறேன் என்று வீட்டையே இடித்துவிடக் கூடாது அல்லவா என்றார் டாக்டர்.

உடனே விரலையும் உயர்த்தினார். இதைக் குடித்தால் காய்ச்சல் வராது என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிடாதீர்கள். சில ஆய்வுகளில் பயன் தெரிந்தது, சிலவற்றில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த இடத்திலும் மிகக் குறைவாக இருந்தவர்கள் தினமும் கொஞ்சம் எடுத்துக்கொண்டபோதுதான் சிறிது தெரிந்தது. ஆகவே குறைவாக இருப்பவர்களுக்குச் சொட்டு மருந்து, மற்றவர்களுக்கு வேண்டாம் என்று முடித்தார். அந்த விரல் உயர்ந்ததை மற்றவர்கள் அன்றைக்கே மறந்துவிட்டார்கள். அம்மையார் மறக்கவில்லை.

அந்த வாரம்தான் புது இயந்திரம் வந்து இறங்கியிருந்தது. அதில் ஏறிய முதல் ரத்தமே கீழ்த்தளத்து நாற்பத்தொரு பேருடையதுதான். எங்கள் வேலைமுறை அப்போது இப்படி: ஒருவர் திரையைப் பார்த்து எண்ணைப் படிப்பார், அம்மையார் தாளில் எழுதுவார், எழுதிய கையோடு முத்திரை குத்துவார். முப்பதும் அதற்கு மேலும் என்றால் நீல மையில் ‘போதுமானது’. கீழே என்றால் சிவப்பு மையில் ‘குறைவு’. அலகை யாரும் படிப்பதில்லை. அலகுதான் தாளிலேயே அச்சாகியிருக்கிறதே, அதை வேறு வாயால் சொல்ல வேண்டுமா?

தாளில் அச்சாகியிருந்தது நானோகிராம். புது இயந்திரம் காட்டியது நானோமோல். ஒரே துணியை அடியில் சொல்வதற்கும் மீட்டரில் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான். நானோமோல் எண்ணை இரண்டரையால் வகுத்தால்தான் நானோகிராம் வரும். இயந்திரத்தைப் பொருத்த வந்தவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுத்தான் போனார், கையேட்டிலும் இருந்தது, அம்மையார் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்தும் போட்டிருந்தார். எண்கள் ஏறுக்குமாறாக வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். நாற்பது, இருபத்தேழு, முப்பத்தொன்று என்று, பழைய அளவிலும் வரக்கூடிய எண்களாகவே வந்து தொலைத்தன. நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேருக்கு நீல மை, பதினைந்து பேருக்குச் சிவப்பு.

நீல மை வாங்கியவர்களில் ஒருவர் மடிப்பக்கா. சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிப்பவர். அவர் மடித்த விரிப்பின் ஓரத்தில் விரல் வைத்தால் கீறிவிடும் என்று வார்டில் சொல்வார்கள். அம்மையாரும் அவரும் பதினெட்டு வருடம் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் வந்தவர்கள். முந்தின நிறுத்தத்தில் ஏறும் மடிப்பக்கா பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு, “ஏறு ரத்தக்காரி, ஏறு” என்று சன்னல் வழியே கத்துவாராம். அம்மையாரை அப்படிக் கூப்பிட்டு உயிரோடு தப்பியவர் அவர் ஒருவர்தான்.

மடிப்பக்காவின் எண் முப்பத்திரண்டு. தாளை வாங்கி, முத்திரையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, சலவைக்கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“இத்தனை வயசுல, எனக்கு ஏதோ ஒண்ணு போதுமானதா இருக்குன்னு முதல் தடவையா எழுதிக் கொடுத்திருக்காங்கப்பா.”

கொதிகலன் அறைவரைக்கும் சிரித்தார்கள். அந்தத் தாளை நான்காக மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டார். அம்மையாருக்கு வந்த எண் இருபத்தேழு. தனக்குத் தானே சிவப்பு முத்திரை குத்திக்கொண்டு, சொட்டு மருந்து வாங்கிக்கொண்டார்.

ஆறாவது வாரம் காய்ச்சல் படியிறங்கி வந்தது. நோயாளிகளின் விரிப்புகள் முதலில் போய்ச் சேருமிடம் சலவைக்கூடம் என்பதால், முதலில் விழுந்தவர்களும் அவர்களே. துணி மூட்டை தூக்குபவர் ஒன்பதாம் நாள் போனார். அவருடைய எண் முப்பத்தொன்று, நீல மை. பதிவேட்டு அறைக்காரர் பன்னிரண்டாம் நாள் போனார். அவருடைய எண் இருபத்துநான்கு, சிவப்பு மை. ஒரு நாள் தவறாமல் சொட்டு மருந்து குடித்தவர். இதையும் எழுத வேண்டும் என்று அம்மையார் இருமுறை நினைவூட்டினார். அம்மையாருக்கும் காய்ச்சல் வந்தது; பத்து நாள் இருமிவிட்டு எழுந்து வந்துவிட்டார். மடிப்பக்கா பதினோரு நாள் மேல்மாடியில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். அவரே எப்போதோ மடித்து அனுப்பிய விரிப்பின் மேல்தான் கிடந்தார். பன்னிரண்டாம் நாள் அந்த விரிப்பு கீழே வந்தது, அவர் வரவில்லை.

நான்கு நாள் கழித்து, பதிவேட்டு அறையில் ஆள் இல்லாததால், மடிப்பக்காவின் கோப்பு அடுக்கி வைப்பதற்காக ஆய்வகத்துக்கு வந்தது. அதில் ஒரு வெளி ஆய்வகத்தின் தாள் இருந்தது. எங்கள் இயந்திரத்துக்கு வேண்டிய வேதிப்பொருள் தீர்ந்துபோயிருந்ததால் வார்டிலிருந்து வெளியே அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். வைட்டமின் டி பன்னிரண்டு, நானோகிராம், கடுமையான குறைபாடு. அம்மையார் முதலில் அந்த வெளி ஆய்வகத்துக்காரர்களைத்தான் திட்டினார். நம் தாளில் முப்பத்திரண்டு, இவர்கள் தாளில் பன்னிரண்டா, தூங்கிக்கொண்டே பார்த்தார்களா என்றார். கோப்பை மூடிவிட்டார். டீ குடித்தார். மறுபடி கோப்பைத் திறந்தார். அப்புறம் எழுந்து போய், இயந்திரத்தின் கையேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் புரட்டி, தாளின் பின்புறத்தில் முப்பத்திரண்டை இரண்டரையால் வகுத்துப் பார்த்தார். பன்னிரண்டு புள்ளி எட்டு வந்தது.

கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று இன்னொரு தடவை போட்டார். அவர் வாழ்க்கையில் முதல் ‘இன்னொரு தடவை’ அதுதான். அப்புறம் தன் இருபத்தேழையும் வகுத்துப் பார்த்தார். பத்து புள்ளி எட்டு. தோழியர் இருவருக்கும் குறைவுதான். வித்தியாசம் கொஞ்சத்திலும் கொஞ்சம். ஒருத்திக்குச் சிவப்பு மை, ஒருத்திக்கு நீல மை. அன்று அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததை எங்களில் இரண்டு பேர் பார்த்தோம்; உடம்புக்குத்தான் முடியவில்லை போலும் என்று நினைத்துக் கடந்து போனோம். இன்றுவரை எங்களுக்கு அது உறுத்துகிறது.

தப்பு யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அச்சுத் தாளை மாற்றி, இயந்திரத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது. அப்போதைய கண்காணிப்பாளர் அதையேதான் சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்ல. காய்ச்சல் காலத்தில் ஒரு மருத்துவமனையை நடத்தியவர். சொட்டு மருந்து குடித்தவரும்தானே செத்தார் என்று கேட்டார். குடிக்காத எத்தனையோ பேர் பிழைத்து நடமாடுகிறார்களே என்றார். டாக்டரே உறுதியாகச் சொல்லாத ஒன்றை நீங்கள் ஏன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறீர்கள் என்றார். சொன்னதெல்லாம் நியாயம்தான். கடைசியில், நீங்கள் சொன்னால் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று கேட்டார்.

“வரமாட்டாங்க சார். ஆனா உயிரோட இருக்கிற இருபத்துநாலு பேர் பையில அந்தத் தாள் இருக்கு. காய்ச்சல் இன்னும் போகல.”

அம்மையார் கண்காணிப்பாளரின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. இருபத்துநான்கு பேருக்கும் திருத்திய தாளைத் தன் கையால் எழுதினார். பழைய எண், புதிய எண், இரண்டுக்கும் அலகு, கீழே ஒரு வரி: ‘முந்தைய அறிக்கை என் தவறு.’ இயந்திரத்தின் தவறு என்று எழுதவில்லை. படித்தவரின் தவறு என்றும் எழுதவில்லை. அன்று திரையைப் படித்தவர் எங்களில் ஒருவர்தான். அவர் இந்த மடலுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தன்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அன்றே அழுதார். எண்ணைச் சரியாகத்தானே படித்தாய், முத்திரை என் கையில்தானே இருந்தது என்று சொல்லி அம்மையார் அனுப்பிவிட்டார். இருபத்துநான்கு பேரில் இரண்டே பேருக்குத்தான் நீல மை உண்மை. மற்ற இருபத்திரண்டு பேருக்கும் அன்றே சொட்டு மருந்து போய்ச் சேர்ந்தது. சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் தாளைக் கிழித்து அம்மையாரின் காலடியில் போட்டார்; அவர் அதைப் பொறுக்கிக்கொண்டு, இன்னொரு தாள் எழுதி, கிழித்தவருடைய அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

நீல மை வாங்கி இறந்த இருவருக்கும் திருத்திய தாள் எழுதினார். செத்தவர்களுக்கு ரிப்போர்ட் எதற்கு என்று நாங்கள் கேட்டோம். அவர் இரண்டு வீட்டுக்கும் நேரில் போனார். மூட்டைக்காரரின் வீட்டில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அதுவே அவருக்குத் தாங்க முடியவில்லையாம். மடிப்பக்காவின் வீட்டில் மகள் இருந்தாள். அப்போது அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து மூன்று மாதம். இரண்டரையால் வகுப்பதை அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அந்த மருந்தைக் குடிச்சிருந்தா எங்கம்மா பொழைச்சிருப்பாங்களா?”

ஆம் என்றால் தன்னைத் தானே தண்டித்துக்கொண்ட நிம்மதி கிடைத்திருக்கும். இல்லை என்றால் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் ஆறுதலாவது கிடைத்திருக்கும். அம்மையார் இரண்டையும் சொல்லவில்லை.

“தெரியாதும்மா. பொழைச்சிருக்கலாம், பொழைக்காமலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது. ஆனா போதுமானதுன்னு நான் எழுதிக் கொடுத்தது பொய்.”

மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபமாகக்கூடச் சாத்தவில்லையாம், மெதுவாகத்தான் சாத்தினாளாம். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. பதவி உயர்வு இரண்டு முறை அவரைத் தாண்டிப் போனது. ஒன்பது ஆண்டுகளாக முதுநிலை நுட்பநர், இன்றைக்கும் அதே முதுநிலை நுட்பநர். ‘தலைமை’ என்ற சொல் அவர் மேசையில் ஏறவே இல்லை. நாங்கள்தான் மேலே போய்ச் சண்டை போட்டோம். அவர் அந்த நேரத்தில் எங்கள் பதிவேட்டில் அலகு விட்டுப்போன இடங்களைச் சுழித்துக்கொண்டிருந்தார். அன்று முதல் எங்கள் ஆய்வகத்தில் யாரும் வெறும் எண்ணைப் படிப்பதில்லை. எண், அலகு, யாருடையது என்று மூன்றையும் வாய்விட்டுப் படிப்பார் ஒருவர். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவார். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருக்கும். அந்த நீல முத்திரையின் ரப்பரை அம்மையார் பிளேடால் சீவி எறிந்துவிட்டார்; வெறும் கட்டை மட்டும் இழுப்பறையில் கிடக்கிறது. ‘போதுமானது’ என்ற சொல்லே எங்களிடம் புழங்குவதில்லை. டீ இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்றால், ‘வேண்டாம்’ என்போமே தவிர அந்தச் சொல்லைச் சொல்லமாட்டோம்.

இவ்வளவும் எங்களுக்கு முன்பே தெரியும். தெரியாத ஒன்றை அம்மையார் சென்ற வாரம் சொன்னார். எந்தத் தாளிலும் இல்லாதது, எந்தக் குறிப்பாணையிலும் கேட்கப்படாதது. எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, எங்களைப் பார்க்காமல் காலண்டரில் இருந்த கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

முத்திரை குத்திய மறுவாரம். காலைப் பேருந்து. வீட்டில் மறந்துபோகும் என்பதால் சொட்டு மருந்தைக் கைப்பையில் வைத்து, பேருந்திலேயே நாக்கில் விட்டுக்கொள்வது அவர் வழக்கம். பக்கத்தில் இருந்த மடிப்பக்கா வாயைத் திறந்து நாக்கை நீட்டினாராம்.

“எனக்கும் ரெண்டு சொட்டு ஊத்தேன் ரத்தக்காரி.”

“உனக்கு எதுக்கு? உனக்குத்தான் போதுமானது இருக்கே.”

சொல்லிவிட்டு மூடியைத் திருகி, பாட்டிலைப் பைக்குள் போட்டுவிட்டார். நாக்கை நீட்டியபடியே மடிப்பக்கா சிரித்தாராம். சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு வார்த்தை திட்டினாராம். பேருந்து இரைச்சலில் அது என்ன வார்த்தை என்று இவர் காதில் விழவில்லை. ஒன்பது வருடமாக யோசித்துப் பார்க்கிறாராம், பிடிபடவில்லை. சொல்லி முடித்துவிட்டு அழுதார். முப்பத்துநான்கு வருடத்தில் அவர் அழுது நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டாருக்குத் தெரியாமல் இறந்த ஒருவரைப் பற்றி மேடையில் படிக்கக் கூடாது என்று, நாங்கள் இரண்டு பேர் இந்த மடலின் நகலை எடுத்துக்கொண்டு மடிப்பக்காவின் மகளிடம் போனோம். வேண்டாம் என்றால் கிழித்துவிடுவது, அம்மையாரின் காலில் விழுந்தாவது நிபந்தனையைத் தளர்த்தச் சொல்வது என்று பேசி வைத்திருந்தோம். வாசலில் நிற்க வைத்தே வாங்கிப் படித்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, விடைத்தாளைப் படிப்பது போல விரல் வைத்துப் படித்தாள். பேருந்துப் பகுதிக்கு வந்ததும் விரல் நின்றது. உள்ளே போனாள். போனவள் வரவில்லை. சரி, கதவு இன்னொரு தடவை சாத்தப் போகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

திரும்பி வந்தபோது அவள் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. நான்காக மடித்த பழைய தாள் ஒன்று, அம்மையார் கையால் எழுதிய திருத்திய தாள் ஒன்று. எங்கள் நகலில் ஒரு வரியைக் காட்டினாள். அவள் அம்மாவின் எண்ணை முப்பத்தொன்று என்று எழுதியிருந்தோம். பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதும்போது கண் கீழ்வரிக்கு, மூட்டைக்காரருடைய எண்ணுக்கு, நழுவியிருக்கிறது. அம்மையாரிடம் காட்டியிருந்தால் பிடித்திருப்பார்; தன் பாராட்டைத் தானே திருத்துவது அழகல்ல என்று அவர் படிக்க மறுத்துவிட்டார்.

“முப்பத்தொண்ணு இல்ல, முப்பத்திரண்டு. இன்னொரு தடவை பாருங்க,” என்றாள் மகள்.

நாங்கள் தலைகுனிந்து திருத்திக்கொண்டோம். அப்புறம் அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

“அந்த பஸ் கதை எனக்குத் தெரியும். அம்மா அன்னைக்கே வீட்ல வந்து சொல்லிச் சிரிச்சாங்க. கஞ்சப் பிசினாறி, ரெண்டு சொட்டு தரமாட்டேன்னுட்டா அப்படின்னாங்க. அவங்க இந்தத் தாளைக் கொடுக்க வந்த அன்னைக்கு எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. எல்லாத்தையும் சொன்னாங்க, அதை மட்டும் சொல்லல. சொல்லுவாங்களான்னு ஒன்பது வருஷமா பார்த்துக்கிட்டிருந்தேன்.”

விழாவுக்கு வருகிறீர்களா என்று கேட்டோம். வரவில்லை என்றாள். அம்மையாரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டோம். இரண்டு தாள்களையும் பழையபடி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“மன்னிச்சுட்டேன்னு எழுதிடாதீங்க. முப்பத்திரண்டுன்னு எழுதுங்க.”

அம்மையாரே! இனி மீண்டும் தங்களைப் பார்த்தே பேசுகிறோம். தாங்கள் கேட்ட மூவரும் மடலில் இருக்கிறார்கள். தங்களுக்குப் பிடிபடாமல் போன அந்த ஒரு வார்த்தையும் இருக்கிறது. தங்கள் பெருமையைப் பாட நாங்கள் கற்ற சொற்கள் அனைத்தையும் முதல் பத்தியிலேயே செலவழித்துவிட்டோம். மிச்சம் இருப்பது ஒரு வேண்டுகோள் மட்டுமே. நாளை முதல் தாங்கள் இந்தப் படி இறங்க வேண்டியதில்லை. பட்டப்பகலில் வெளியே வாருங்கள். வெயில் முகத்தில் விழ நடந்து, மூச்சு முட்டாமல், நோய் அண்டாமல், உடலும் உள்ளமும் ஓய்ந்து இளைப்பாறி, நெடுங்காலம் நீடு வாழ்க! ஆண்டுகள் எத்தனை வந்தாலும் அவற்றின் மேல் நாங்கள் நீல முத்திரை குத்தமாட்டோம். இந்த மடலைத் தாங்கள் கேட்டுக்கொண்டபடி தங்கள் வீட்டுச் சுவரில் அல்ல, அந்த இயந்திரத்துக்கு மேலே மாட்டுகிறோம். திரையைப் பார்க்கிறவர் இதையும் பார்த்தாக வேண்டும்.

மடலில் உள்ள எண்களை ஒருவர் வாசிக்க, ஒருவர் திருப்பிச் சொல்ல, அலகோடு சரிபார்த்தோம். மூட்டைக்காரர், முப்பத்தொன்று, நானோமோல். பதிவேட்டு அறைக்காரர், இருபத்துநான்கு, நானோமோல். மடிப்பக்கா, முப்பத்திரண்டு, நானோமோல்.

இன்னொரு தடவையும் பார்த்தோம்.

தங்கள் கீழே பணியாற்றி, இன்று இம்மடலின் கீழே தம் கையெழுத்தை இடும்,
கீழ்த்தளத்து ஆய்வகத்தார்